சாதன எண் விரிவாக்கம் (லினக்ஸ்)

சாதன எண் விரிவாக்கம் என்பது லினக்ஸ் கருனியில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண்ணின் அகலம் 16 பிட்டிலிருந்து 32 பிட்டாக உயர்த்தப்பட்ட மாற்றத்தைக் குறிக்கும். இம்மாற்றம் 2003ஆம் ஆண்டில், கருனியின் 2.6.0 பதிப்புக்கான சோதனைக் கட்டத்தில் சேர்க்கப்பட்டது. அப்பதிப்பு 2003 டிசம்பர் 17 அன்று வெளியானது. ஓர் எண்ணின் அகலத்தைக் கூட்டுவது தன்னளவில் எளிய செயலே. ஆனால் பழைய அகலத்தை நம்பித் தொகுக்கப்பட்ட நிரல்களும், சி மொழி நிரலகங்களும், வட்டுகளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த கோப்பு முறைமைகளும் மாற்றத்திற்குப் பின்னரும் பழையபடியே இயங்க வேண்டியிருந்தது. இவ்விரிவாக்கத்தின் கடினமான பகுதி இதுவே ஆகும்.

சாதனக் கோப்புகளும் எண்களும்

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் வன்தட்டு, முனையம், அச்சுப்பொறி போன்ற சாதனங்கள் கோப்புகளைப் போலவே அணுகப்படுகின்றன. இதற்கான சிறப்புக் கோப்புகள் வழமையாக "டெவ்" என்னும் அடைவில் இருக்கும். இக்கோப்புகளில் தரவு எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஒரு சாதன எண் மட்டுமே அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தால், சாதாரணக் கோப்பின் அளவு தோன்றும் இடத்தில் சாதனக் கோப்புக்கு "8, 1" என்பது போல இரண்டு எண்கள் தோன்றுவதைக் காணலாம்.

இவற்றுள் முதலாவது முதன்மை எண். எந்தச் சாதன இயக்கி அக்கோப்புக்குப் பொறுப்பு என்பதை இது கருனிக்குத் தெரிவிக்கிறது. இரண்டாவது துணை எண். அவ்வியக்கியின் கீழுள்ள பல சாதனங்களுள் எது என்பதை இது காட்டும். துணை எண்ணின் பொருளை இயக்கியே முடிவு செய்கிறது. எடுத்துக்காட்டாக, ஸ்கசி வன்தட்டு இயக்கியின் முதன்மை எண் 8. அதன் கீழ் துணை எண் 0 முதல் தட்டு முழுவதையும், 1 அத்தட்டின் முதல் பகிர்வையும் குறிக்கும்.

1979ஆம் ஆண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் இவ்விரு எண்களும் 16 பிட் அகலமுள்ள ஒரே எண்ணில் அடைக்கப்பட்டிருந்தன. மேல் 8 பிட்டுகள் முதன்மை எண், கீழ் 8 பிட்டுகள் துணை எண். லினக்ஸ் தொடக்கத்தில் இதே முறையைப் பின்பற்றியது. இதன்படி 256 முதன்மை எண்களும், ஒவ்வொன்றின் கீழும் 256 துணை எண்களும் கிடைத்தன. ஒரு சில தட்டுகளும் சில பத்து முனையங்களும் கொண்ட கணினிகளுக்கு இது தாராளமான ஒதுக்கீடு.

பற்றாக்குறை

இப்பற்றாக்குறை முதலில் வெளிப்பட்டது வன்தட்டுகளில்தான். ஸ்கசி இயக்கி ஒவ்வொரு தட்டுக்கும் 16 துணை எண்களை ஒதுக்குகிறது (முழுத்தட்டுக்கு ஒன்று, பகிர்வுகளுக்குப் பதினைந்து). எனவே ஒரு முதன்மை எண்ணின் கீழ் 16 தட்டுகள் மட்டுமே அடங்கும். பதினேழாவது தட்டுக்கு வேறொரு முதன்மை எண் தேவைப்பட்டதால் 65 முதல் 71 வரையிலான எண்களும் ஸ்கசி தட்டுகளுக்கே கொடுக்கப்பட்டன. 2.4 தொடர்க் கருனியில் இவ்வாறு எட்டு முதன்மை எண்களைச் செலவிட்டும் 128 தட்டுகளையே இணைக்க முடிந்தது. பெரிய நிறுவனங்களின் சேமிப்பக வலையமைப்புகளில் இது போதாது. அங்கு ஒரே தட்டு பாதுகாப்புக்காகப் பல தடங்களின் வழியே கணினியுடன் இணைக்கப்படும். ஒவ்வொரு தடமும் கருனிக்குத் தனித்தட்டாகவே தெரிவதால், நான்கு தடங்கள் எனில் நான்கு மடங்கு எண்கள் செலவாகும்.

போலி முனையங்களின் நிலையும் இதுவே. ஒரு சேவையகத்தில் தொலைவிலிருந்து நுழையும் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு போலி முனையம் தேவை. இவற்றிற்கு 136 முதல் 143 வரை எட்டு முதன்மை எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே ஒரு கணினியில் 2,048 போலி முனையங்கள் என்பதே உச்சவரம்பு.

மறுபுறம், எவரும் அரிதாகவே பயன்படுத்தும் வன்பொருள்களுக்கும் தனித்தனி முதன்மை எண்கள் வழங்கப்பட்டு வந்ததால் 256 என்ற பட்டியல் விரைந்து நிரம்பியது. 2001ஆம் ஆண்டில் புதிய எண்கள் வழங்குவதை நிறுத்தி வைக்குமாறு லினஸ் டோர்வால்ட்ஸ் கேட்டுக்கொண்டார். எண்களை நிலையாகப் பங்கிடும் முறையே தவறு, அவை இயங்கு நேரத்தில் வழங்கப்பட வேண்டும் என்ற கருத்தும் அக்காலத்தில் வலுவாக இருந்தது. எனினும் இயங்கு நேரத்தில் வழங்குவதற்கும் எண்கள் இருந்தாக வேண்டும் அல்லவா?

பழைய அகலம் பதிந்திருந்த இடங்கள்

சாதன எண் கருனிக்குள் மட்டுமே புழங்கியிருந்தால் அதன் அகலத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். கருனியின் மூலநிரல் முழுவதும் ஒரே இடத்தில் உள்ளது. அதனை மீண்டும் தொகுத்தால் போதும். ஆனால் இவ்வெண் கருனியின் எல்லையைத் தாண்டிப் பல திசைகளில் பரவியிருந்தது.

இவற்றுள் முதன்மையானது "ஸ்டேட்" என்னும் முறைமை அழைப்பு. ஒரு கோப்பின் அளவு, உரிமையாளர், மாற்றப்பட்ட நேரம் முதலிய விவரங்களைக் கருனியிடமிருந்து பெற நிரல்கள் இவ்வழைப்பைப் பயன்படுத்துகின்றன. விடையாகக் கருனி நிரப்பித் தரும் கட்டமைப்பில் இரண்டு சாதன எண்கள் உள்ளன. ஒன்று அக்கோப்பு எந்தச் சாதனத்தில் சேமிக்கப்பட்டுள்ளது என்பது. மற்றொன்று, அக்கோப்பே ஒரு சாதனக் கோப்பாயின் அது குறிக்கும் சாதனம். சி மொழியில் எழுதப்பட்ட நிரல் தொகுக்கப்படும்போது, கட்டமைப்பின் ஒவ்வொரு புலமும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பது இயந்திரக் கட்டளைகளுக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. முதற்புலமான சாதன எண்ணை இரண்டு பைட்டிலிருந்து நான்கு பைட்டாக்கினால், அதற்குப் பின்வரும் எல்லாப் புலங்களும் இரண்டு பைட்டுகள் நகரும். பழைய நிரல் அப்போது கோப்பின் அளவு என எண்ணி வேறு எதையோ படிக்கும்.

அடுத்து, சாதன எண்ணை முதன்மை, துணை எனப் பிரிக்கும் கணக்கு. ஜிலிப்சி நிரலகத்தின் தலைப்புக் கோப்பில் இக்கணக்கு மேக்ரோக்களாக எழுதப்பட்டிருந்தது. மேக்ரோ என்பது தொகுக்கும் நேரத்தில் நிரலுக்குள் அப்படியே ஒட்டப்படும் துண்டு. ஆகவே "கீழ் 8 பிட்டு துணை எண், அடுத்த 8 பிட்டு முதன்மை எண்" என்ற விதி அந்நிரலகத்தை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஒவ்வொன்றிலும் பிரதியெடுக்கப்பட்டுவிட்டது. நிரலகத்தைப் புதுப்பித்தாலும் அப்பிரதிகள் மாறா.

இவை தவிர, சாதனக் கோப்புகளை உருவாக்கும் அழைப்பு, கோப்பு ஒன்றையே தட்டுபோல் பயன்படுத்த உதவும் "லூப்" சாதனத்தின் நிலையறியும் கட்டளை, வட்டில் எழுதப்படும் கோப்பு முறைமை, காப்பக வடிவங்கள் ஆகியவற்றிலும் 16 பிட் எண்ணே இடம்பெற்றிருந்தது. ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதியதால் எழுந்த ஈராயிரமாம் ஆண்டுச் சிக்கலுடன் இதனை ஒப்பிடலாம். அங்கும் எண்ணின் அகலம் எண்ணற்ற நிரல்களில் சிதறிக் கிடந்ததே தொல்லை.

12:20 பகுப்பு

புதிய அகலம் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. இப்பணியில் பெரும்பங்காற்றிய ஆண்ட்ரீஸ் பிரவுவர், முதன்மை எண்ணுக்கு 32 பிட், துணை எண்ணுக்கு 32 பிட் என மொத்தம் 64 பிட் தரலாம் எனப் பரிந்துரைத்தார். டோர்வால்ட்ஸ் 32 பிட்டே போதும் என்றார். இறுதியில் முதன்மை எண்ணுக்கு 12 பிட், துணை எண்ணுக்கு 20 பிட் எனப் பகுக்கப்பட்டது. இதன்படி 4,096 முதன்மை எண்களும், ஒவ்வொன்றின் கீழும் 10,48,576 துணை எண்களும் கிடைக்கின்றன. துணை எண்ணுக்குக் கூடுதல் இடம் தந்தது பொருத்தமானதே. ஒரே வகைச் சாதனங்கள் ஆயிரக்கணக்கில் பெருகுவதே நடைமுறைச் சிக்கலாக இருந்தது. சாதன வகைகள் அவ்வளவு வேகமாகப் பெருகவில்லை.

கருனிக்குள் இவ்வெண் நேரான வரிசையில் வைக்கப்படுகிறது. கீழ் 20 பிட்டுகள் துணை எண், மேல் 12 பிட்டுகள் முதன்மை எண். ஆனால் இதே வரிசையை வெளியே அனுப்பினால் பழைய நிரல்கள் குழம்பும். முதன்மை எண் 8, துணை எண் 1 கொண்ட பகிர்வை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் இதன் மதிப்பு 8 × 256 + 1 = 2049. நேர்வரிசையிலோ 8 × 10,48,576 + 1 = 83,88,609. இவ்வெண்ணின் கீழ் 16 பிட்டுகளை மட்டும் படிக்கும் பழைய நிரலுக்கு முதன்மை எண் 0, துணை எண் 1 என்றே தெரியும். ஆண்டுக்கணக்கில் சரியாக இயங்கி வந்த ஒரு தட்டே அந்நிரலுக்கு அடையாளம் தெரியாததாகிவிடும்.

எனவே கருனிக்கு வெளியே செல்லும் எண்ணுக்கு வேறொரு அடுக்குமுறை தேர்ந்தெடுக்கப்பட்டது. இதில் கீழ் 8 பிட்டுகளில் துணை எண்ணின் கீழ்ப்பகுதி இருக்கும். அதற்கு மேல் 12 பிட்டுகளில் முதன்மை எண் இருக்கும். துணை எண்ணின் எஞ்சிய 12 பிட்டுகள் உச்சியில் வைக்கப்படும். அதாவது முதன்மை எண் நடுவில் நிற்க, துணை எண் இரண்டாகப் பிளக்கப்பட்டு அதன் இருபுறமும் நிற்கிறது. முதல் பார்வைக்கு இது விகாரமான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் பழைய 16 பிட்டுகளும் பழைய இடத்திலேயே அசையாமல் இருக்க, புதிய பிட்டுகள் யாவும் அவற்றிற்கு மேலேயே சேர்கின்றன. முதன்மை எண்ணும் துணை எண்ணும் 256க்குக் குறைவாக உள்ளவரை பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரே மதிப்பே கிடைக்கும். மேற்கூறிய பகிர்வு முன்பும் 2049, பின்பும் 2049.

கருனியின் எல்லையில் இம்மாற்றத்தைச் செய்வதற்கெனச் சிறு சார்புகள் எழுதப்பட்டன. அவற்றின் பெயர்களில் வரும் ஓல்ட், நியூ, ஹியூஜ் ஆகிய முன்னொட்டுகள் முறையே 16, 32, 64 பிட் வெளிவடிவங்களைக் குறிக்கும். உள்ளே ஒரு வடிவம், வெளியே வேறு வடிவம், எல்லையில் மொழிபெயர்ப்பு என்ற இவ்வொழுங்கினால் சாதன இயக்கிகளை எழுதுவோர் பழைய வடிவங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிராது.

ஸ்கசி வன்தட்டு இயக்கியும் இதே உத்தியைத் தன் அளவில் மீண்டும் பயன்படுத்தியது. 2.6 தொடரில் 128 முதல் 135 வரையிலான எண்களும் சேர்க்கப்பட்டு, முதல் 256 தட்டுகள் 16 முதன்மை எண்களின் கீழ்ப் பழைய பாணியிலேயே எண்ணிடப்பட்டன. 257ஆவது தட்டு மீண்டும் முதன்மை எண் 8க்கே திரும்பி, துணை எண் 256 எனத் தொடங்குகிறது. இதனால் ஏற்கெனவே இருந்த எந்தத் தட்டின் எண்ணும் மாறவில்லை.

ஸ்டேட் கட்டமைப்பில் இருந்த வெற்றிடம்

கட்டமைப்பின் புலங்கள் நகரக்கூடாது, ஆனால் ஒரு புலம் அகல வேண்டும் என்ற முரண்பாட்டை, முன்னரே விடப்பட்டிருந்த வெற்றிடம் தீர்த்து வைத்தது. இன்டெல் 32 பிட் கணினிகளுக்கான பழைய ஸ்டேட் கட்டமைப்பில் இரண்டு பைட் சாதன எண்ணை அடுத்து, எதற்கும் பயன்படாத இரண்டு பைட்டுகள் இருந்தன. பெரிய கோப்புகளுக்காகப் பின்னர் வந்த "ஸ்டேட் 64" கட்டமைப்பில் இவ்வெற்றிடம் பத்து பைட்டுகள். ஏன் இவ்வளவு பெரிய வெற்றிடம்? ஜிலிப்சி நிரலகம் தன் பக்கத்தில் சாதன எண்ணை 64 பிட்டாகவே வரையறுத்திருந்தது. அதன் கட்டமைப்பில் எட்டு பைட் எண்ணும் நான்கு பைட் வெற்றிடமும் இருந்தன. இரண்டும் பத்தும் பன்னிரண்டு, எட்டும் நான்கும் பன்னிரண்டு. இவ்வாறு இருபுறமும் பொருந்துமாறு 2.4 கருனியிலேயே இடம் விடப்பட்டிருந்தது.

இன்டெல் செயலிகள் ஓர் எண்ணின் கீழ்ப்பைட்டை முதலில் வைப்பவை. ஆதலால் இரண்டு பைட் எண்ணை அதே இடத்தில் எட்டு பைட்டாக நீட்டினாலும் கீழ் இரண்டு பைட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மேற்பைட்டுகள் வெற்றிடத்தினுள் வளரும். மேற்பைட்டை முதலில் வைக்கும் செயலிகளில் இது நேர்மாறு. அங்கு வெற்றிடம் எண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் இவ்வுத்தி பலிக்கும். ஆகையால் ஒவ்வொரு செயலி வகைக்குமான கட்டமைப்பும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியிருந்தது.

வெற்றிடம் பயன்படுவதற்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு. அது பூச்சியத்தால் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். பழைய கருனி அவ்விடத்தில் குப்பை மதிப்புகளை விட்டிருந்தால், எட்டு பைட்டுகளையும் படிக்கும் நிரலகம் தவறான சாதன எண்ணைப் பெற்றிருக்கும். 2.4 கருனி கட்டமைப்பு முழுவதையும் பூச்சியமாக்கிய பின்னரே புலங்களை நிரப்பியது. தரவு கசியாமல் இருக்கவும் உதவும் இப்பழக்கம் விரிவாக்கத்திற்கும் கைகொடுத்தது.

நிரலகத்தின் பங்கு

லினக்ஸின் தொடக்ககால நிரலகமான லிப்சி 5இல் சாதன எண் 16 பிட்டாகவே இருந்தது. அதனை அடுத்து 1997இல் வந்த ஜிலிப்சி 2.0, கருனி இன்னும் 16 பிட்டில் இருந்தபோதே 64 பிட் வகையைத் தேர்ந்துகொண்டது. கருனி தரும் கட்டமைப்பை அப்படியே நிரலுக்குத் தராமல், புலம் புலமாகத் தன் கட்டமைப்புக்குப் படியெடுத்துத் தருவது அதன் வழக்கம். எனவே கருனி பின்னர் எண்ணை அகலமாக்கியபோது, ஜிலிப்சியைப் பயன்படுத்திய நிரல்களின் கட்டமைப்பில் எதுவும் நகரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, தேவை எழாத காலத்தில் செய்யப்பட்ட ஒரு தெரிவு இதற்குக் காரணம்.

அதே நிரலகத்தில் மற்றொரு முன்னேற்பாடும் இருந்தது. நிரல் ஸ்டேட் அழைப்பைச் செய்யும்போது, தான் எதிர்பார்க்கும் கட்டமைப்பின் பதிப்பு எண்ணையும் சேர்த்தே நிரலகத்திற்கு அனுப்பியது. இன்டெல் 32 பிட் கணினிகளில் 1 என்பது கருனியின் பழைய வடிவத்தையும், 3 என்பது ஜிலிப்சியின் வடிவத்தையும் குறித்தன. எதிர்காலத்தில் வடிவம் மாறினால் வேறொரு எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நோக்கம். 2021இல் வெளியான ஜிலிப்சி 2.33 இம்முறையைக் கைவிட்டு, ஸ்டேட்டைச் சாதாரணச் சார்பாக்கியது. ஆயினும் பதிப்பு எண்ணுடன் அழைக்கும் பழைய நிரல்களுக்காகப் பழைய சார்புகள் நிரலகத்தில் தொடர்ந்து வைக்கப்பட்டுள்ளன.

எண்ணைப் பிரிக்கும் மேக்ரோக்கள் ஜிலிப்சி 2.3.3 பதிப்பில் நிரலகச் சார்புகளாயின. இச்சார்புகள் கருனியின் 32 பிட் அடுக்குமுறையையே மேலும் நீட்டி 64 பிட் முழுவதையும் கையாள்கின்றன. கீழிருந்து வரிசையாகத் துணை எண்ணின் 8 பிட், முதன்மை எண்ணின் 12 பிட், துணை எண்ணின் எஞ்சிய 24 பிட், முதன்மை எண்ணின் எஞ்சிய 20 பிட் என்பது அவ்வரிசை. பழையதை அசைக்காமல் மேலே சேர்ப்பது என்னும் அதே விதி இங்கும் காணப்படுகிறது. இம்மேக்ரோக்களின் பெயர்களான மேஜர், மைனர் என்பவை பதிப்பு எண்களைக் குறிக்க நிரலர்கள் இயல்பாகவே தேர்ந்தெடுக்கும் பெயர்கள். இவை பொதுவான தலைப்புக் கோப்பு ஒன்றின் வழியே அழையாமலே நுழைந்து பலரைத் திகைக்க வைத்ததால், 2018இல் வந்த 2.28 பதிப்பில் தனித் தலைப்புக் கோப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டன.

வெட்டுவதா, மறுப்பதா

மேற்கண்ட உத்திகள் அனைத்தும் சிறிய எண்களுக்கே உதவும். முதன்மை எண்ணோ துணை எண்ணோ 255ஐத் தாண்டினால், 16 பிட் மட்டுமே அறிந்த பழைய அழைப்புக்குக் கருனி என்ன விடை தருவது? மேற்பிட்டுகளை வெட்டிவிட்டு எஞ்சியதைத் தரலாம், அல்லது விடை தர மறுத்துப் பிழை என அறிவிக்கலாம்.

வெட்டுவதன் விளைவை மேற்கூறிய 257ஆவது தட்டைக் கொண்டே காணலாம். அதன் முதன்மை எண் 8, துணை எண் 256. வெளிவடிவில் இது 10,50,624. இதன் கீழ் 16 பிட்டுகள் 2048. அதாவது முதன்மை எண் 8, துணை எண் 0. இது கணினியின் முதலாவது தட்டின் எண். தட்டில் நேரடியாக எழுதும் பழைய நிரல் ஒன்று இவ்விடையை நம்பிச் செயற்பட்டால், இயங்குதளமே நிறுவப்பட்டிருக்கக்கூடிய முதல் தட்டை அழித்துவிடக்கூடும். அதேபோல் 259, 0 என்ற எண்ணின் வெளிவடிவம் 66,304. அதனை வெட்டினால் 3, 0 கிடைக்கும். இது ஐடிஇ வகையின் முதல் வன்தட்டுக்குரிய எண்.

எழுதாமல் படிக்க மட்டும் செய்யும் நிரல்களுக்கும் ஆபத்து உண்டு. உண்மையில் பெரும்பாலான நிரல்கள் சாதன எண்ணைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. இரண்டு கோப்புகளின் சாதன எண்ணும் கோப்பு வரிசை எண்ணும் ஒன்றாயிருந்தால் அவை ஒரே கோப்பு என்று முடிவு செய்ய மட்டுமே அவை பயன்படுகின்றன. காப்பகம் உருவாக்கும் நிரல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தொடுப்புகள் கொண்ட கோப்புகளை இவ்வாறே அடையாளம் கண்டு, உள்ளடக்கத்தை ஒருமுறை மட்டும் சேமிக்கின்றன. வெவ்வேறு தட்டுகளின் எண்கள் வெட்டப்பட்டு ஒன்றாகிவிட்டால், தொடர்பில்லாத இரண்டு கோப்புகள் ஒரே கோப்பாகத் தெரிந்து, ஒன்றின் உள்ளடக்கம் காப்பகத்தில் இடம்பெறாமலே போகலாம். காப்பகத்தை மீட்கும் நாள்வரை இது எவருக்கும் தெரியவராது.

இக்காரணங்களால் லினக்ஸ் மறுக்கும் வழியைத் தேர்ந்தது. எண் 16 பிட்டில் அடங்காதபோது பழைய அழைப்பு "மதிப்பு அடங்கவில்லை" என்னும் பொருளுடைய பிழையைத் திருப்பித் தரும். தவறான விடையை விட விடையின்மை மேல் என்ற இம்முடிவு சரியானதே. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. கோப்பின் அளவை மட்டும் அறிய விரும்பும் நிரல், சாதன எண்ணைக் கண்ணெடுத்தும் பாராத நிரல், அதுவும் இப்பிழையால் நின்றுபோகும்.

வட்டில் எழுதப்பட்ட எண்கள்

எக்ஸ்ட் 2 கோப்பு முறைமையில் சாதாரணக் கோப்பின் தரவு எந்தத் தொகுதிகளில் உள்ளது என்பதைக் குறிக்கும் அட்டவணை ஒன்று ஒவ்வொரு கோப்புக்கும் உண்டு. சாதனக் கோப்புக்குத் தரவு இல்லாததால் அவ்வட்டவணையின் முதல் இடத்தில் சாதன எண் எழுதப்பட்டு வந்தது. விரிவாக்கத்திற்குப் பின்னரும் எண் 16 பிட்டில் அடங்கினால் முதல் இடத்திலேயே பழைய வடிவில் எழுதப்படுகிறது. அடங்காவிட்டால் முதல் இடம் பூச்சியமாக்கப்பட்டு, இரண்டாம் இடத்தில் புதிய வடிவில் எழுதப்படுகிறது. முதல் இடம் பூச்சியமா இல்லையா என்று பார்த்தே படிக்கும்போது வடிவம் அறியப்படும். இதற்கெனக் கோப்பு முறைமையின் பதிப்பை மாற்ற வேண்டியதே வரவில்லை.

காப்பக வடிவங்களுள் யுஸ்டார் முதன்மை எண்ணையும் துணை எண்ணையும் தனித்தனிப் புலங்களில் எண்ணெழுத்துகளாக எழுதுவதால் பெரிதும் பாதிக்கப்படவில்லை. பழைய இரும வடிவச் சிபிஐஓ 16 பிட் புலத்தைக் கொண்டது. அதனை மீட்க வழியில்லை. வலையமைப்புக் கோப்பு முறைமையான என்எஃப்எஸின் மூன்றாம் பதிப்பு இரு எண்களுக்கும் தனித்தனியே 32 பிட் தந்திருந்தது. லூப் சாதனத்தின் நிலையறியும் கட்டளைக்கோ, பழையதை அப்படியே விட்டுவிட்டு 64 பிட் எண் கொண்ட புதிய கட்டளை ஒன்று உருவாக்கப்பட்டது.

259ஆம் எண்ணும் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும்

2008 டிசம்பரில் வெளியான 2.6.28 கருனியில், தட்டு ஒன்றுக்கு ஒதுக்கப்பட்ட துணை எண்களைத் தாண்டும் பகிர்வுகளுக்காக 259 என்னும் முதன்மை எண் ஒதுக்கப்பட்டது. பின்னர் வந்த என்விஎம்இ வகைத் திண்மநிலைச் சேமிப்பகங்கள் இவ்வெண்ணையே பயன்படுத்தின. இவ்வகைச் சேமிப்பகங்கள் மடிக்கணினிகளிலும் மேசைக்கணினிகளிலும் பரவியதும், 255ஐத் தாண்டிய முதன்மை எண் பெரிய சேவையகங்களுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் எளிய கணினிகளிலும் காணப்படலாயிற்று.

64 பிட் கருனியின் மீது 32 பிட் நிரல்களை இயக்குவதற்கென ஓர் ஒத்திசைவு அடுக்கு உண்டு. 2003இல் இன்டெல் 32 பிட் கருனியின் ஸ்டேட் கட்டமைப்பில் சாதன எண் நான்கு பைட்டாக மாற்றப்பட்டபோது, 64 பிட் கிளை அதிலிருந்து பிரிந்து தனியே வளர்ந்துகொண்டிருந்தது. அது முன்னரே படியெடுத்து வைத்திருந்த பழைய இரண்டு பைட் வடிவம் ஒத்திசைவு அடுக்கில் அப்படியே தங்கிவிட்டது. அருகில் இரண்டு பைட் வெற்றிடம் இருந்தும் பயன்படுத்தப்படவில்லை. விளைவாக, பழைய ஸ்டேட் அழைப்பை நேரடியாகப் பயன்படுத்தும் 32 பிட் நிரல்கள் என்விஎம்இ சேமிப்பகத்திலுள்ள கோப்புகளைப் பற்றிக் கேட்டபோது "மதிப்பு அடங்கவில்லை" என்ற பிழையையே பெற்றன. ஜிலிப்சியின் வழியே செல்லும் நிரல்கள் ஸ்டேட் 64 அழைப்பைப் பயன்படுத்தியதால் இது நெடுங்காலம் பரவலாகக் கவனிக்கப்படவில்லை.

2022 ஏப்ரலில் ஒத்திசைவு அடுக்கின் புலம் நான்கு பைட்டாக்கப்பட்டு இக்குறை நீக்கப்பட்டது. புலம் நான்கு பைட் உள்ள இடங்களில் 16 பிட் சோதனை தேவையில்லை என்பதால் அதுவும் தளர்த்தப்பட்டது. லூப் சாதனத்தின் பழைய கட்டளையும் அதே 16 பிட் வகையைப் பயன்படுத்தியதால், வகையின் வரையறையை மாற்றாமல் இக்கட்டமைப்பின் புலம் மட்டுமே மாற்றப்பட்டது. முதல் விரிவாக்கத்திற்கும் இதற்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

பிற இயங்குதளங்கள்

யுனிக்ஸ் சிஸ்டம் 5இன் நான்காம் வெளியீடு 1980களின் இறுதியிலேயே 32 பிட் சாதன எண்ணுக்கு மாறியது. முதன்மை எண்ணுக்கு 14 பிட், துணை எண்ணுக்கு 18 பிட். பழைய நிரல்களுக்காக 16 பிட் வகை தனிப்பெயரில் வைக்கப்பட்டது. ஸ்டேட் அழைப்புடன் பதிப்பு எண்ணை அனுப்பும் முறையும் அங்கிருந்தே ஜிலிப்சிக்கு வந்தது. அதன் வழிவந்த சோலாரிஸ், 64 பிட் நிரல்களுக்கு 32:32 என்ற பகுப்பைப் பின்பற்றுகிறது.

ஃப்ரீபிஎஸ்டி 2018 டிசம்பரில் வெளியான 12.0 பதிப்பில் சாதன எண்ணையும் கோப்பு வரிசை எண்ணையும் ஒருசேர 64 பிட்டாக்கியது. அங்கு கருனியும் சி நிரலகமும் ஒரே குழுவினரால் ஒரே மூலத்தில் பராமரிக்கப்படுவதால், நிரலகத்தின் குறியீட்டுப் பெயர்களுக்குப் பதிப்பு இடும் வசதியைக் கொண்டு மாற்றத்தை நேரடியாகவே செய்ய முடிந்தது. பழைய நிரல் அதே பெயரில் ஸ்டேட்டை அழைத்தாலும் பழைய பதிப்பின் சார்பும், அதற்குரிய பழைய முறைமை அழைப்புமே அதற்குக் கிடைக்கும். அடங்காத கோப்பு வரிசை எண்களை வெட்டித் தருவது அங்கு இயல்பான நடத்தை. பிழையாக அறிவிக்க வேண்டுமெனில் கணினி மேலாளர் அமைப்பு ஒன்றை மாற்றிக்கொள்ளலாம்.